எந்த பாஸ்தா, எத்தனை கிராம்?

‘இரண்டு கப் பாஸ்தா’ என்று மட்டும் போட்டிருக்கும் செய்முறையை நான் அப்படியே பின்பற்றுவதில்லை. எந்த வடிவம் என்று சொல்லாத கப் கணக்கு சமைப்பவருக்கு உதவாது. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடை இருக்குமா என்று நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பாஸ்தாவும் அப்படித்தான். எல்லாம் ஒரே கோதுமை ரவைதான் என்றாலும், வடிவத்துக்கு வடிவம் கப்புக்குள் அடைபடும் காற்று மாறுகிறது.

250 மி.லி. கப்பில் தலைதட்டி அளந்தால், வளைந்த சின்ன மக்ரோனி 115 முதல் 120 கிராம் வரை பிடிக்கிறது. பென்னே 90 கிராமை ஒட்டி வரும். திருகு திருகாக இருக்கும் ஃபுசில்லியும், பட்டாம்பூச்சி போன்ற ஃபர்ஃபாலேயும் 75, 80 கிராமோடு நின்றுவிடும். அரிசி மணி மாதிரி இருக்கும் ஓர்சோ மட்டும் 180 கிராமைத் தொடும். மக்ரோனியை மனதில் வைத்து எழுதிய இரண்டு கப்பை ஃபர்ஃபாலேயால் நிரப்பினால் சுமார் 80 கிராம் குறையும். இத்தாலியில் அது ஓர் ஆளின் பங்கு!

பென்னேயிலும் கம்பெனிக்குக் கம்பெனி குழாயின் பருமன் வேறுபடும். அதனால் எந்தப் பட்டியலையும், என்னுடையதையும்கூட, முழுதாக நம்ப வேண்டாம். தராசு இல்லாத வீட்டுக்கு ஒரு நல்ல வழி உண்டு. 500 கிராம் பாக்கெட்டைப் பிரித்ததும் டப்பாவில் அப்படியே கொட்டாமல், தினமும் புழங்கும் டம்ளரால் அளந்து கொட்டுங்கள். ஆறு டம்ளர் வந்தால், டம்ளருக்கு 83 கிராம். அதை ஒரு சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிவிட்டால் பாக்கெட் தீரும்வரை கவலையில்லை. அளக்கும்போது குலுக்கக் கூடாது. குலுக்கினால் பென்னே ஒன்றையொன்று அணைத்துப் படுத்துக்கொள்ளும், மேலே இன்னும் ஒரு பிடி போக இடம் கிடைத்துவிடும்.

கப் 240 மி.லி.யா 250 மி.லி.யா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வடிவத்தால் வரும் வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ரைஸ் குக்கரோடு வரும் கப்பை மட்டும் தவிருங்கள், அது 180 மி.லி.தான்.

ஸ்பகெட்டியைக் கப்பில் அளக்கவே முடியாது. அதைக் கையில் பிடித்து அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டின் விட்டம் இரண்டு மடங்கானால் எடை நாலு மடங்காகிவிடும். கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவது தட்டில் மலையாக வந்து நிற்பது இதனால்தான். நான் எண்ணிவிடுவேன். 1.8 மி.மீ. பருமனும் 25 செ.மீ. நீளமும் உள்ள ஸ்பகெட்டி இழை ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். தலைக்கு எண்பது இழை என்று ஒருமுறை எண்ணி எடுத்து, அந்தக் கட்டின் பருமனை விரலால் வளைத்துப் பார்த்துக்கொண்டால் அடுத்த முறை எண்ண வேண்டியிருக்காது. அதைவிட மெல்லிய ரகத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

செய்முறையில் இருப்பது காய்ந்த பாஸ்தாவின் அளவா, வெந்ததன் அளவா என்றும் பாருங்கள். 100 கிராம் காய்ந்த பாஸ்தா தண்ணீர் குடித்து 200 முதல் 250 கிராம் வரை ஆகும். ஒரு கப் மக்ரோனி வெந்தால் சுமார் இரண்டு கப். அமெரிக்கச் செய்முறை ‘ஒரு பெட்டி’ என்றால் பெரும்பாலும் ஒரு பவுண்ட், அதாவது 454 கிராம். நம் கடை பாக்கெட்டில் 46 கிராமை எடுத்து வைத்துவிட்டுச் செய்யலாம்.

எடை தெரிந்துவிட்டால் தண்ணீரும் உப்பும் தானே வந்துவிடும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. நம் நாக்குக்கு உப்பு ஏழு கிராம் போதும் என்பது என் கருத்து. லசான்யா தகடுகளுக்கு மட்டும் எடையும் வேண்டாம், கப்பும் வேண்டாம். தட்டில் ஓர் அடுக்குக்கு எத்தனை தகடு பரவுகிறதோ, அதை அடுக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும்.