பின்னால் எஞ்சின், முன்னால் கியர் பிடி

மாருதி 800 காரின் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்திப் பந்தயக் கார் உருவாக்கியவர் நம் கோவை எஸ். கரிவரதன். அந்த ‘ஃபார்முலா மாருதி’யில்தான் நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். இத்தகைய கார் கட்ட விரும்பும் நம் மாதுங்கா, செம்பூர் இளைஞர்களுக்கு ஒரு சிறு பாடம்.

கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருப்பதே டிரான்ஸ்ஆக்சில். எஞ்சினோடு சேர்த்து அதை அப்படியே பின்னுக்கு நகர்த்துங்கள். திருப்பி வைத்தால் முதல் கியரில் கார் பின்னோக்கிப் போகும்!

அடுத்தது கேபிள். ரயில்வேயில் நான் பணிபுரிந்த காலத்தில் சிக்னலைக் கம்பியால் இழுப்போம். பாயின்ட்டை இரும்புத் தண்டால் நகர்த்துவோம். வெறும் கம்பிக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. கியர் கேபிளோ இரண்டும் செய்ய வேண்டும். அதற்கு உறைதான் பலம். உறையின் இரு முனைகளையும் அசையாமல் பிணைக்காவிட்டால் உறையே நகரும். கியர் பாதிதான் விழும்.

கேபிள்கள் இரண்டு: ஒன்று வரிசையைத் தேர்ந்தெடுக்க, மற்றது கியரைப் போட. இரண்டையும் அகன்ற வளைவில், சைலன்சர் சூடு படாமல் கொண்டுசெல்லுங்கள். பிடியும் கியர்பாக்ஸும் நியூட்ரலில் இருக்கையில் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

பாயின்ட் முழுதாகப் பொருந்தியது உறுதியாகாமல் சிக்னல் இறங்காது. அதுபோல, எஞ்சினை நிறுத்தி, ஒருவர் பிடியை அசைக்க, கியர்பாக்ஸ் நெம்புகோல் முழுதும் நகர்கிறதா என்று இன்னொருவர் பின்னாலிருந்து பார்க்கட்டும். வேகத்தில் நாலாவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்தால் எஞ்சின் சிதறலாம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து.