எந்தத் தூளைக் கலப்பது?

யூஎஸ்எம் எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் முதுகலை ஆய்வுக்குச் சேர நிபோங் திபாலுக்குக் கிளம்பும் பிள்ளைகள் சிலர் என்னிடம் தலைப்பு கேட்டு வருவதுண்டு. வரும்போதே 'கார்பன் நானோ குழாய்' என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். சீனியர் செய்தாராம். இல்லையென்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா, எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஒட்டுகிற மாதிரி எதையாவது எடு என்றாராம்.

அந்தக் குழாயை அவர்கள் கலக்க நினைப்பது மின்நூற்பு இழையில். பிசிஎல், பிஎல்ஏ போன்ற மக்கும் பாலிமரைக் கரைத்து, ஊசிமுனையில் 10 முதல் 20 கிலோவோல்ட் கொடுத்து இழையாக இழுக்கிறோம். வலுவுக்குத் தாதுத் தூள் சேர்க்கிறோம். எலும்புக்கு ஹைட்ராக்சிஅபடைட், அதில் பேச்சே இல்லை. உணவுப் பொட்டலத்துக்கு மாண்ட்மோரில்லோனைட் களிமண். மருந்தை மெல்ல விடுவிக்க ஹாலோய்சைட். என் ஓட்டு ஹாலோய்சைட்டுக்கு. இயற்கையே செய்து தந்த குழாய், விலையும் மலிவு. ஆனால் அது உடலுக்குள் லேசில் கரையாது, தோல்மேல் போடும் கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார்பன் குழாய்க்கு வருவோம். 1991-ல் சுமியோ இஜிமாவின் கட்டுரைக்குப் பிறகு பிறந்த மோகம் இது. ஒற்றைக் குழாயின் வலிமை உண்மைதான். கரைசலில் போட்டால் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். ஊசி அடைக்கும், துளி தெறிக்கும், இழையில் கறுப்பு முடிச்சு விழும், இழுவைச் சோதனையில் அந்த முடிச்சிலேயே அறும். வலிமை கூடியதாக எண் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். குழாய் கரைசலின் மின்கடத்தலைக் கூட்டி இழையை மெலியவைத்ததால் வந்த வலிமையாகவும் இருக்கலாம். பிரித்துக் காட்டாத ஆய்வேடு எதற்கு?

பாலிமர் மக்கியபின் எது மிஞ்சும் என்பதுதான் பெரிய கேள்வி. நீண்ட பன்சுவர்க் குழாய்கள் எலிகளிடம் கல்நார் போன்ற அழற்சியை உண்டாக்கியதை 2008-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவற்றில் ஒரு வகையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-ல் சேர்த்தது. மக்கும் இழைக்குள் மக்காததைச் செருகி மருத்துவத்துக்கு என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

எந்தத் தூளானாலும் பினாங்கின் ஈரக்காற்று விடாது. பாலிமரைக் கரைத்த குளோரோஃபார்ம் ஆவியாகி இழை குளிரும்போது ஈரம் அதன்மேல் படிந்து துளை துளையாகிவிடும். நேற்று வந்த இழை இன்று வராது. ஈரப்பதத்தைத் தினமும் எழுதி வைக்கும் பொறுமையும், அடைத்த ஊசியை முகம் சுளிக்காமல் கழுவும் கையும் வேண்டும். கணக்கில் மனம் போகிறவர்கள் கணினி மாதிரியாக்கம் பக்கம் போகலாம், அது ஒன்றும் மட்டமில்லை.

பெற்றோரே, தலைப்பைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பிள்ளைகளே, பதிவுக்கு முன் ஒரு வாரம் லேபில் நின்று ஊசிமுனையைப் பாருங்கள். அலுப்புத் தட்டினால் தயங்காமல் வேறு துறை தேடுங்கள்.