காலத்தைத் திருப்ப முனைந்த கதைவீரர்கள்

முன்னுரை

நடந்துவிட்ட ஒன்றை நடவாததாக்க வேண்டும் என்னும் ஏக்கம் மனித இனத்திற்குப் பொதுவானது. கோவலனைக் கொல்வித்த பாண்டியன் உண்மை தெளிந்த கணமே தன் ஆணையைத் திரும்பப் பெற விரும்பியிருப்பான். ஆயினும் இளங்கோவடிகள் அவனுக்கு அவ்வாய்ப்பை வழங்கவில்லை. அரியணையினின்று வீழ்ந்து உயிர் துறத்தலே அவனுக்கு எஞ்சியது. இன்றைய கதையுலகமோ தன் வீரர்களுக்கு அவ்வாய்ப்பைத் தாராளமாக வழங்குகிறது. கால இயந்திரத்தில் ஏறியோ, தம் பேராற்றலாலோ அவர்கள் கடந்த காலத்துள் புகுந்து, நேர்ந்த தீங்கைத் துடைக்க முனைகின்றனர். அம்முயற்சி, எண்ணாத விளைவுகளைப் பெற்றெடுப்பதையும் அக்கதைகளே காட்டுகின்றன. அவ்விளைவுகள் உணர்த்தும் உண்மை யாது, அது நம் செங்கல்பட்டு வட்டாரத்திற்கும் மாமல்லைக் கடற்கரைக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டுக் கதைகளில்

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' என்னும் புதினம் இவ்வகைக் கதைகளுக்குப் பெருவழி அமைத்தது. அதன் நாயகன் எதிர்காலத்தைக் காணச் சென்றவன். கடந்த காலத்தில் கைவைப்பதன் இடரைக் கூர்மையாகக் காட்டியவர் அமெரிக்கரான ரே பிராட்பரி. 1952-இல் வெளிவந்த அவருடைய சிறுகதையில், தொல்பழங்கால விலங்கை வேட்டையாடச் சென்ற ஒருவன், பாதை தவறி ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிடுகிறான். திரும்பி வந்து பார்க்கையில் எழுத்துமுறை மாறியிருக்கிறது. தேர்தலில் தோற்றிருந்தவன் வென்றிருக்கிறான்.

பேராற்றல் வீரர்களின் நிலையும் இதுவே. 1978-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், தான் நேசித்த பெண் நிலநடுக்கத்தில் மாண்டது கண்டு பொறாத சூப்பர்மேன், மனித வரலாற்றில் தலையிடலாகாது என்ற தந்தையின் தடையை மீறி, உலகைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறான். அச்செயலுக்கு அப்படம் விலை எதையும் கேட்கவில்லை. பின்வந்த கதைகள் கேட்டன. 2011-இல் வந்த 'ஃபிளாஷ்பாயிண்ட்' என்னும் படக்கதையில், மின்னல் வேகம் படைத்த பாரி ஆலன், கொலையுண்ட தன் தாயைக் காக்கக் கடந்த காலத்திற்கு ஓடுகிறான். தாய் பிழைத்துக் கொள்கிறாள். ஆனால் உலகமோ பெரும்போரில் சிக்கி அழிவின் விளிம்பில் நிற்கிறது. தன் தாயை மீண்டும் இழக்க உடன்பட்டாலன்றி உலகை மீட்க வழியில்லை என்பதை அவன் உணர நேர்கிறது. மகனின் அன்பில் குறையில்லை. அவன் அறிவின் எல்லையே குறை.

தமிழ்த் திரையில்

தமிழிலும் இக்கருத்து அண்மைக் காலத்தில் வேரூன்றியுள்ளது. ஆர். ரவிகுமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' (2015) படத்தில், எதிர்காலத்திலிருந்து வந்த கால இயந்திரம் இரு நண்பர்களின் கையில் கிடைக்கிறது. தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பொருளீட்டுவதே அவர்தம் நோக்கம். அவ்வாறு சென்ற பயணமொன்றில், காவலரால் சுடப்பட்டு இறந்திருக்க வேண்டிய கொடியவன் ஒருவன் அவர்களையறியாமலே பிழைத்துவிடுகிறான். பின்னர் அவனே அவர்களுக்குக் கேடாகிறான். தீங்கு நினையாதவர் செய்த சிறு செயலே பெருந்தீங்கிற்கு வாயிலாயிற்று.

விக்ரம் குமாரின் '24' (2016) படத்தில் காலத்தை ஆளும் கைக்கடிகாரத்தை அடையத் துடிப்பவன், நடக்கவியலாது முடங்கிய தன் உடலை மீட்கவே அதனை நாடுகிறான். இழந்ததைப் பெறும் வேட்கை அவனைக் கொலைக்கும் துணியச் செய்கிறது.

வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) நம் சிறப்பான கவனத்திற்குரியது. அதன் நாயகன் அப்துல் காலிக் என்னும் முஸ்லிம் இளைஞன். ஒரே நாளை மீண்டும் மீண்டும் வாழும் சுழலில் அகப்பட்ட அவன், முதலமைச்சரைக் கொன்று, அப்பழியை ஒரு சமுதாயத்தின்மேல் சுமத்திக் கலவரம் மூட்டும் சூழ்ச்சியைத் தடுக்கப் போராடுகிறான். ஆனால் அதே சுழலுக்குள் எதிரியான காவல் அதிகாரியும் வந்து சேர்கிறான். நல்லவனுக்குக் கிடைத்த வாய்ப்பு தீயவனுக்கும் கிடைத்துவிடுகிறது. 'அப்துல் காலிக்' என்னும் அரபுப் பெயருக்குப் 'படைப்பவனின் அடியான்' என்பது பொருள். காலத்தோடு போராடும் நாயகன், காலத்தைப் படைத்தவனின் அடியான் என்னும் பெயர் தாங்கி நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

கல் சொல்லும் பாடம்

மீளாமையின் பாடத்தை மாமல்லைக் கற்களினும் தெளிவாகப் போதிப்பவை அரிய. ஒற்றைக் கல் இரதங்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. உளி பெயர்த்த சில்லைச் சிற்பி மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆதலின் ஒவ்வோர் அடிக்கும் முன்னரே அவன் முழு வடிவையும் மனத்துட் கண்டிருக்க வேண்டும். பிடாரி இரதங்களும் வலையன்குட்டை இரதமும் முற்றுப்பெறாமலே நிற்கின்றன; பதின்மூன்று நூற்றாண்டுகள் சென்றும் அவை அவ்வாறே உள்ளன.

இம்மாமல்லையைக் களமாகக் கொண்டு கல்கி 'சிவகாமியின் சபதம்' என்னும் தொடர்கதையை 1944 முதல் 1946 வரை எழுதினார். அவரும் ஒருவகையில் காலப்பயணியே. எனினும் 642-இல் நரசிம்மவர்மன் வாதாபியை வென்ற வரலாற்று முடிவை அவர் மாற்றவில்லை. வரலாறு பேசாத இடைவெளிகளில் மட்டுமே ஆயனரையும் சிவகாமியையும் படைத்து உலவவிட்டார். அவ்வாறிருந்தும் எண்ணாத விளைவொன்று நேர்ந்தது. சிவகாமியை வரலாற்றுப் பெண்ணாகவே நம்புவோர் இன்றும் உளர். பாண்டவரோடு தொடர்பில்லாத ஐந்து இரதங்கள் பிற்கால வழக்கால் பாண்டவர் பெயர் பெற்றதும் இத்தகையதே. கால இயந்திரமின்றியே கடந்த காலத்தை மாற்றும் வழி ஒன்று உண்டு. அது நினைவைத் திரித்தல். கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் பிரித்தறியும் பயிற்சி, ஆதலின், தமிழ் மாணவர்க்கு இன்றியமையாதது.

திருக்குர்ஆன் காட்டும் நிகழ்ச்சி

எண்ணாத விளைவுகளைப் பற்றிய ஆழ்ந்த விளக்கத்தைத் திருக்குர்ஆனின் 18-ஆம் அத்தியாயமான 'அல்கஹ்ஃபு' வழங்குகிறது. நபி மூஸா (அலை) அவர்கள், ஹிள்ர் (அலை) என மரபு கூறும் ஞானியுடன் பயணம் செய்கிறார்கள். ஏழைகளின் படகொன்றை அந்த ஞானி பழுதாக்குகிறார். மூஸா (அலை) பொறுக்கவியலாது வினவுகிறார்கள். பழுதற்ற படகுகளையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான் என்னும் செய்தி இறுதியிலேயே வெளிப்படுகிறது.

இந்நிகழ்ச்சிக்குள் நம் கதைவீரன் ஒருவனை அனுப்பிப் பார்ப்போம். படகில் விழுந்த துளையைக் கண்டு அவன் மனம் இரங்குவான், காலத்தைத் திருப்பித் துளையைத் தடுப்பான், ஏழைகள் மகிழ்வர். மறுநாள் அரசன் படகையே கவர்ந்து செல்வான். வீரனின் இரக்கம் மெய்யானது. ஆனால் துளையைக் கண்ட அவன் அரசனைக் காணவில்லை. முழுமையை அறிந்தவன் இறைவன் ஒருவனே. ஒரு கண்ணியை மட்டும் கண்டவன் சங்கிலியைத் திருத்தப் புகுவது பேதைமை.

சென்றதை நினைந்து, 'இவ்வாறு செய்திருந்தால்' என்று மறுகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் நம்பிக்கை வைக்குமாறும் அவர்களே பணித்தார்கள். முன்னது கடந்த காலத்திற்கும் பின்னது வருங்காலத்திற்கும் உரிய நெறிகளாம். வருவதை முன்னறிந்து காக்கும் அறிவுடையார்க்கு அதிரச் செய்யும் துன்பம் இல்லை என வள்ளுவர் 'அறிவுடைமை' அதிகாரத்தில் கூறுவதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

இக்கடற்கரையின் இரண்டு மணி நேரம்

காலத்தைத் திருப்ப வேண்டும் என நம் பகுதி மக்கள் உண்மையாகவே ஏங்கிய நாள் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி ஏறத்தாழ 6.29 மணிக்குச் சுமத்திராவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கும் இக்கடற்கரையில் மீனவக் குப்பங்கள் சிதைந்தன. கல்பாக்கம் நகரியத்திலும் உயிர்கள் பறிபோயின. பசிபிக் பெருங்கடலுக்கு இருந்த எச்சரிக்கை அமைப்பு இந்துமாக்கடலுக்கு அன்று இல்லை. அந்த இரண்டு மணி நேரம் வீணே கழிந்தது. எந்தச் சூப்பர்மேனும் அதனைத் திருப்பித் தரவில்லை.

அதே நாளில், நிலநடுக்க மையத்திற்கு மிக அருகிலிருந்த இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் நிகழ்ந்தது வேறு. 1907-இல் அங்கு ஒரு பேரலை தாக்கிப் பலரை விழுங்கியிருந்தது. பிழைத்த முதியோர் அதனை 'ஸ்மோங்' எனப் பெயரிட்டுக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் கடுமையாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடுக என்பதே அதன் சாரம். 97 ஆண்டுகள் கழித்து அம்முஸ்லிம் தீவினர் அவ்வாறே ஓடினர். ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே. அம்முதியோர் 1907-ஐ மாற்றவில்லை. உள்ளது உள்ளவாறு 2004-இல் கொண்டு சேர்த்தனர். அவர்கள் அதனைத் திரித்தோ மறந்தோ இருப்பின், பேரர்கள் உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கவே சென்றிருப்பர்.

நம் நாடும் பாடம் கற்றது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. எனினும் கருவி தரும் செய்தியைக் கேட்டவுடன் கால்கள் நகர வேண்டுமாயின், நெஞ்சில் நினைவு வேண்டும்.

முடிவுரை

கடந்ததை மாற்ற முனைந்த கதைவீரர் பலரும் ஒரு துன்பத்தைத் துடைத்து வேறொன்றைப் பெற்றனர். அல்லது தாம் துடைத்த துன்பத்தையே மீண்டும் ஏற்றனர். கடந்ததைச் சிதையாமல் சுமந்து வந்த சிமுலுவே முதியோரோ ஆயிரக்கணக்கானோரைக் காத்தனர். இன்று கல்லூரியில் பயிலும் மாணவருள் பலர் 2004-க்குப் பின் பிறந்தோர். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களிலும் முஹல்லாக்களிலும் அந்நாளைக் கண்ட பெரியோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் வாய்மொழியைக் கூட்டாது, குறையாது எழுதி வைத்தல் தமிழ் பயில்வோர் ஆற்றத்தக்க அரும்பணியாம். காலத்தைத் திருப்பும் ஆற்றலை இறைவன் மனிதனுக்கு வழங்கவில்லை. நினைவையும் மொழியையும் வழங்கினான். அவற்றைப் பழுதின்றிப் பயன்கொள்வோமாக.