பூ வரட்டும், பேர் சொல்லலாம்

வைகை அணைப் பக்கம் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஐயா, இது என்ன வகை? ஏன் பூக்க மாட்டேங்குது?" என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வகை தெரிந்தால் அதன் சொந்த ஊர் தெரியும். சொந்த ஊர் தெரிந்தால் தண்ணீரை எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடும்.

1. ஊருக்கு ஏற்ற செடியை வாங்குங்கள்.
டென்ட்ரோபியம் என்பது 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய பெரிய பேரினம். 1799-இல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் வைத்த பெயர். இமயமலை முதல் ஆஸ்திரேலியா வரை பரவிக் கிடக்கிறது. சிக்கிமின் மாநில மலரான டென்ட்ரோபியம் நோபிலிக்குப் பூக்கக் குளிரும் வேண்டும், வறட்சியும் வேண்டும். நம் அணைக்கட்டுப் பக்கம் அந்தக் குளிர் ஏது? மொட்டு வர வேண்டிய கணுவில் பிள்ளைச் செடிதான் முளைக்கும். போடிமெட்டு, மேகமலையில் வீடு இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். வட ஆஸ்திரேலியா, நியூகினி வெயிலில் பிறந்த டென்ட்ரோபியம் பிகிப்பம், அதன் வழிவந்த கலப்பினங்கள், இவைதான் கீழே இருக்கும் நமக்குச் சரிப்படும்.

2. இனப் பெயர் வேறு, கலப்பினப் பெயர் வேறு.
நர்சரியில் விற்கும் 'சோனியா', 'எம்மா ஒயிட்' எல்லாம் மனிதர்கள் கலந்து உண்டாக்கியவை. காட்டில் தேடினால் கிடைக்காது. கலப்பின ஆர்க்கிட்டுகளின் பெயர்ப் பதிவேட்டை 1961 முதல் இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி வைத்திருக்கிறது. பெயர்ச்சீட்டு தொலைந்த கலப்பினத்துக்குப் பூவின் நிறத்தைப் பார்த்துப் பெயர் சூட்டாதீர்கள். ஒரே நிறத்தில் எத்தனையோ கலப்புகள் உண்டு. "டென்ட்ரோபியம், கலப்பினம், பெயர் தெரியாது" என்று எழுதி வைப்பதே நேர்மை.

3. முதலில் அது டென்ட்ரோபியம்தானா என்று பாருங்கள்.
சமவெளி மரங்களில் ஒட்டி வளரும் வாண்டா டெசெல்லேட்டாவைக் கொண்டுவந்து டென்ட்ரோபியம் என்பவர்கள் உண்டு. வாண்டாவுக்கு ஒரே தண்டு. நுனி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். டென்ட்ரோபியத்தில் ஒரு தண்டு முற்றியதும் அதன் அடியிலிருந்து அடுத்த தண்டு கிளம்பும். கணுக்கணுவாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நின்று தூர் கட்டும்.

4. பூவைத் திருப்பிப் பாருங்கள்.
எல்லோரும் முன்பக்கத்தையே படம் எடுக்கிறார்கள். அடையாளம் பின்பக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டுப் புல்லிதழ்கள் இரண்டும், பூவின் நடுவில் தூண்போல நிற்கும் பூந்தூணின் அடியோடு சேர்ந்து முகவாய்போல ஒரு புடைப்பாக நீண்டிருக்கும். அதன் நீளம், கூர்மை, வளைவு இனத்துக்கு இனம் மாறும். அடுத்து, பூந்தூணின் நுனியில் உள்ள சிறு மூடியை ஊசிமுனையால் மெல்லத் தூக்குங்கள். உள்ளே மஞ்சளாக, காம்பில்லாமல், இரண்டிரண்டாக ஒட்டிய நான்கு மகரந்தத் திரள்கள் இருந்தால் டென்ட்ரோபியம். எட்டு இருந்தால் அது எரியா போன்ற வேறொன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும்.

5. இலையில்லாத தண்டைப் பார்த்துப் பெயர் சொல்பவரை நம்பாதீர்கள்.
நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உதாரணம் இருக்கிறது. டென்ட்ரோபியம் ஓவேட்டம், டென்ட்ரோபியம் பார்பாட்டுலம் இரண்டும் கோடையில் இலை உதிர்த்து வெறுந்தண்டாக நிற்கும்போது வித்தியாசமே தெரியாது. பூத்தால் தெரியும். ஓவேட்டத்தின் பூ சிறியது, வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை, உதட்டில் பச்சைச் சாயல். பார்பாட்டுலத்தின் பூ பெரியது, இதழ் அகலம், வெள்ளையில் சில சமயம் இளஞ்சிவப்பு ஓடும். முன்னதற்கு லின்னேயஸ் 1753-இலேயே பெயர் வைத்துவிட்டார். பின்னதை லிண்ட்லி 1830-இல் விவரித்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒன்றின் பெயரில் மற்றொன்றின் படம் அச்சாகிறது. சந்தேகம் வந்தால் கே. எம். மேத்யூவின் 1999-ஆம் ஆண்டுப் பழனிமலைத் தாவர நூலைப் புரட்டுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. ஏற்காட்டில் அவர்களுடைய ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது. உயிர்ச்செடியைப் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

6. மண் போடாதீர்கள்.
இவை மரத்தில் ஒட்டி வாழ்பவை. கரித்துண்டு, உடைந்த ஓடு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு போதும். தொட்டி சிறிதாக, துளை நிறைய இருக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி வேர் அழுகும்.

7. தண்ணீரை வேரைக் கேட்டு ஊற்றுங்கள்.
காய்ந்த வேர் வெள்ளி நிறமாக இருக்கும். நனைந்ததும் பச்சையாக மாறும். மாறிவிட்டால் போதும், நிறுத்துங்கள். காலையில் ஊற்றுங்கள், இரவில் குருத்தில் நீர் நிற்கக் கூடாது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வேரிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளை படியும். அதற்குப் பதிலாக ஊற்ற, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தண்ணீர்த் தொட்டியில் பிடித்து வையுங்கள். வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 உரம் தெளித்தால் தாராளம்.

8. வெயிலைவிடக் காற்றுக்குப் பயப்படுங்கள்.
வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டிவிடலாம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். தொங்கும் தொட்டி ஆடி ஆடி, புது வேர்முனை உரசி ஒடியும். ஆனி பிறக்கும் முன்பே மேற்குப் பக்கம் மறைப்புக் கட்டி, தொட்டிகளை இறக்கித் தாங்கியில் வைத்துவிடுங்கள். தரையில் தண்ணீர் தெளித்து வைத்தால் ஈரப்பதம் நிற்கும்.

9. இலை உதிர்ந்தால் செத்துப்போச்சு என்று வீசாதீர்கள்.
உதிர்ப்பது சில இனங்களின் குணம். அப்போது தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்துங்கள். பச்சையாகக் கெட்டியாக இருக்கும் பழைய தண்டுகளையும் வெட்டாதீர்கள். அவை செடியின் சேமிப்பு. பிகிப்பம் வகைகளில் பழைய தண்டே மறுபடி பூக்கும். சுருங்கி, பழுப்பாகி, அமுக்கினால் உள்ளே கூடாக இருந்தால் மட்டும் வெட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் தீயில் காட்டிக்கொள்ளுங்கள்.

10. காட்டிலிருந்து எடுக்காதீர்கள்.
மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே ஒரு தண்டை ஒடித்தாலும் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் விதைக்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஒரு செடி போனால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் ஆகும். பூஞ்சையே இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் விதையை முளைக்க வைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டிவிட்டார். இன்றைக்கு ஆய்வகத்தில் வளர்ந்த நாற்று நர்சரியில் சல்லிசாகக் கிடைக்கிறது. மலைச்செடி என்று சொல்லிச் சாலையோரத்தில் விற்றால் வாங்காதீர்கள்.

11. நோட்டுப் போட்டு எழுதுங்கள்.
வாங்கிய இடம், தேதி, சீட்டில் இருந்த பெயர், இலை உதிர்ந்த மாதம், பூத்த மாதம், மணம் உண்டா என்பது, பூவின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். இல்லையென்றால் அளவு யாருக்கும் புரியாது. பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நம் வெயிலில் ஒரு கோடைக்கே வெளுத்துவிடும்.

12. பெயரோடு கொடுங்கள்.
தண்டின் கணுவில் பிள்ளைச் செடி முளைத்து, வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் பிரித்து நடலாம். பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். மனசு நிறைந்து கொடுங்கள். ஆனால் தாய்ச்செடியின் சீட்டை அப்படியே நகல் எழுதி, அதையும் தொட்டியில் செருகிக் கொடுங்கள். பெயர் தெரியாத செடியென்றால் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் நாலு வீடு தாண்டினால் உண்மையாகிவிடும். பிறகு அதைத் திருத்த யாராலும் முடியாது.