இழைப்பு மெஷின் பிளேடை நாமே தீட்டலாம்



கோபாலபுரத்தில் வீட்டு வராந்தாவில் மணை, முக்காலி செய்து விற்கும் குழு நாங்கள். ஒருநாள் இழைப்பு மெஷின் (பிளேனர்) பலகையைப் பிய்க்க ஆரம்பித்தது. அவசரத்தில் பிளேடைத் தண்ணீர் தொடாமல் மோட்டார் சாணையில் பிடித்தோம். முனை நீலம் பாய்ந்தது. சூட்டில் பதம் போச்சு! புதுசு வாங்க வேண்டியதாயிற்று. அதில் கற்ற பாடம் இது.

1. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

2. பிளேடு எந்த ரகம் என்று பாருங்கள். 82 மி.மீ. மெஷினில் வரும் குறுகிய கார்பைடு பிளேடுக்கு இரண்டு ஓரமும் கூர் உண்டு. ஒன்று மழுங்கினால் திருப்பிப் போடலாம். இரண்டும் மழுங்கினால் மாற்றணும். சாதாரணக் கல்லில் அது தேயாது. அகலமான ஸ்டீல் பிளேடைத்தான் வீட்டில் தீட்டலாம்.

3. 1000 நம்பர் கல்லைத் தண்ணீரில் நனைத்து, பிளேடின் சரிவு முழுதும் கல்லில் படும்படி ஒரே சாய்வில் தேய்க்கவும். பின்பக்கம் பிசிறு தட்டுப்பட்டால், அந்தப் பக்கத்தைத் தட்டையாக வைத்து லேசாகத் தேய்த்து எடுங்கள்.

4. உருளையில் இரண்டு பிளேடு இருந்தால் இரண்டையும் சமமாகத் தேய்க்கணும். ஒன்று எடை குறைந்தால் மெஷின் அதிரும்.

5. மாட்டும்போது கூர்முனை, மெஷினின் பின்தட்டு மட்டத்தில் இருக்கணும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூவை நன்றாக இறுக்குங்கள். தளர்ந்தால் பிளேடு பறக்கும், ஆளுக்கே ஆபத்து.

சாணைக் கூலி மிச்சம், விரலும் பத்திரம். மிச்சக் காசைக் குழுச் சேமிப்பில் போடுவோமே!