சோப்புக்குள் எலுமிச்சை

கேள்வி: கிளிசரின் சோப் பேஸை உருக்கி வீட்டிலேயே அழகு சோப்பு செய்யும்போது, எங்கள் ஊர் எலுமிச்சையைப் பிழிந்து சேர்க்கலாமா? (வாசகி, புளியங்குடி)

பதில்: சாறு வேண்டாம். தோலும் தோலிலுள்ள எண்ணெயும் போதும்.

சோப் பேஸ் ஏற்கெனவே சோப்பாகி முடிந்த பொருள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பும் கிளிசரினுமாக மாறும் வேலை தொழிற்சாலையிலேயே நடந்துவிடுகிறது. வீட்டில் காஸ்டிக்கைத் தொட வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய வசதி. கூடுதல் கிளிசரின், சார்பிட்டால், புரொப்பிலீன் கிளைக்கால் போன்றவை சேர்வதால் சோப்பு பெரிய படிகங்களாக உறைவதில்லை, ஒளி ஊடுருவுகிறது. 1807-ல் லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் கொண்டுவந்த ஒளிபுகும் சோப்பிலும் இதே தத்துவம்தான். அங்கே அந்த வேலையைச் செய்தது சாராயம். வெள்ளை பேஸ் என்று விற்பதில் டைட்டானியம் டைஆக்சைடு கலந்திருக்கும்.

சோப்பு காரம், எலுமிச்சைச் சாறு அமிலம். சாற்றில் ஏறத்தாழ 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். ஒரு தேக்கரண்டி சாற்றிலுள்ள அமிலம் சுமார் ஒன்றரை கிராம் சோப்பை மீண்டும் கொழுப்பமிலமாக்கிவிடும். ஒரு கிலோ பேஸில் அது கண்ணுக்குத் தெரியாது. சருமத்துக்கும் அதனால் நன்மை ஒன்றுமில்லை. கூடுதலாக ஊற்றினால் சோப்பு கலங்கி, மெத்தென்று ஆகி, நுரை குறையும். சாற்றில் மீதி பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. இரண்டும் பூஞ்சைக்கு விருந்து.

மணத்துக்குத் தோலெண்ணெய் நல்லது. ஒரு கிலோ பேஸுக்கு 10 மில்லி போதும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, சூடு 55 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தணிந்ததும் ஊற்ற வேண்டும். கொதிக்கும் பேஸில் ஊற்றினால் மணம் சமையலறையில்தான் இருக்கும், சோப்பில் இருக்காது. எலுமிச்சை மணம் இயல்பிலேயே சீக்கிரம் பறந்துவிடும். சில சொட்டு வெட்டிவேர் எண்ணெய் சேர்த்தால் அடியில் ஒரு மணம் நின்றுகொண்டிருக்கும். ஐஸ்கிரீம் எசென்ஸும் மெழுகுவத்தி வாசனையும் சோப்புக்கானவை அல்ல.

கேள்வி: மஞ்சள்தூள், செம்பருத்தி, ரோஜா இதழ் ஆகியவற்றால் இயற்கையாகவே நிறமும் அழகும் சேர்க்க முடியுமா?

பதில்: மஞ்சள் காரத்தில் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. சோப்பிலும் அதேதான்: எலுமிச்சை மஞ்சளை எதிர்பார்த்தால் காவியோ செங்கல் நிறமோ வரும், வெயில் படும் இடத்தில் வைத்தால் அதுவும் வெளிறும். செம்பருத்தியின் சிவப்பு காரத்தில் நிற்காது, பச்சையும் பழுப்புமாகக் கெடும். ரோஜா இதழ் சில நாளில் தேயிலைச் சக்கை மாதிரி ஆகிவிடும். பச்சை இதழ், பச்சை எலுமிச்சை வில்லை இவற்றை உள்ளே புதைத்தால் ஈரத்தால் பூஞ்சையும் வரலாம்.

நிறம் நிலைக்க வேண்டுமானால் சோப்புக்கென்று விற்கும் மைக்கா பவுடர் நம்பகமானது. கேசரி பவுடர் போன்ற உணவு நிறங்கள் ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குக் கசியும். வாரம் கழிந்தால் கோடு மங்கிவிடும். தேய்த்துக் குளிக்கச் சொரசொரப்பு வேண்டும் என்றால், நன்றாகக் காயவைத்துப் பொடித்துச் சலித்த எலுமிச்சைத் தோல் ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி சேர்க்கலாம். நாளடைவில் பழுப்பாகும், கெடாது. பேஸ் நீர்த்திருக்கும்போது கலந்தால் பொடியெல்லாம் அடியில் தங்கும். 50 டிகிரிக்கு அருகில் கொஞ்சம் கெட்டிப்படும்வரை கிளறிவிட்டு ஊற்றினால் பரவலாக நிற்கும்.

கேள்வி: அப்படியானால் எலுமிச்சை வில்லை தெரிகிற சோப்பு செய்ய என்ன வழி?

பதில்: வில்லையையும் சோப்பிலேயே செய்துகொள்வதுதான் வழி. உண்மையான வில்லையைவிட அது பார்க்கவும் அழகு.

பேஸை ஓரங்குலத் துண்டுகளாக நறுக்கி, கொதிநீர் உள்ள பாத்திரத்தின்மேல் இன்னொரு எவர்சில்வர் பாத்திரம் வைத்து மூடி உருக்க வேண்டும். நேரடித் தீ கூடாது. 70 டிகிரியைத் தாண்டவிட்டால் நீர் வற்றி, பேஸ் மஞ்சளித்துத் தீய்ந்த வாடை அடிக்கும். கலக்கும்போது மெதுவாகக் கலக்க வேண்டும். அடித்துக் கலக்கினால் நுரை உள்ளேயே உறைந்துவிடும்.

முதலில் ஒளிபுகும் பேஸில் மஞ்சள் மைக்கா துளியளவு கலந்து, வட்ட அச்சில் அரை அங்குல உயரம் ஊற்றி ஆறவிட வேண்டும். உறைந்ததும் எடுத்து, பழச்சுளைபோல எட்டு முக்கோணங்களாக வெட்ட வேண்டும். சற்றே பெரிய வட்ட அச்சில் இந்தச் சுளைகளை இடைவெளி விட்டு அடுக்கி, இடைவெளியில் வெள்ளை பேஸை ஊற்றினால் சுளைகளுக்கு நடுவிலுள்ள வெள்ளைச் சவ்வு வந்துவிடும். ஊற்றும் வெள்ளை பேஸ் 50 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சூடு மிகுந்தால் சுளைகளின் ஓரம் கரைந்து எல்லாம் ஒன்றாகும், குறைந்தால் ஒட்டாது. உறைந்த வட்டத்தின் விளிம்பை மட்டும் அடர்மஞ்சள் பேஸில் உருட்டி எடுத்தால் தோல் தயார். கடைசியாக வில்லையைச் சோப்பு அச்சில் வைத்து, மேலே ஒளிபுகும் பேஸை ஊற்றலாம்.

ஒவ்வொரு அடுக்கிலும் ஊற்றுவதற்கு முன் உறைந்த பரப்பின்மேல் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தெளிப்பான் கொண்டு லேசாகத் தெளிக்க வேண்டும். அடுக்குகள் பிரியாமல் ஒட்ட அது உதவும். ஊற்றிய பிறகு தெளித்தால் மேலே மிதக்கும் குமிழும் உடையும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், ஆகவே அடுப்பை அணைத்த பிறகே தெளிக்க வேண்டும். இந்த வேலையில் உண்மையான ஆபத்து இது ஒன்றும், சூடான பேஸ் கையில் பட்டு ஒட்டிக்கொள்வதும்தான்.

கேள்வி: ஆனி, ஆடியில் செய்த சோப்பின்மேல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலம், செங்கோட்டை, தென்காசிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவரும் நாட்களில் இது மிகுதி. துடைத்துப் பயனில்லை, மறுபடி பூக்கும். சோப்பு முழுக்க ஆறியதும் அன்றைக்கே கிளிங் ஃபிலிமில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். சீக்கிரம் உறைய வேண்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்: குளிர்ந்த சோப்பை வெளியே எடுத்தவுடன் அதன்மேல் ஈரம் படியும். இந்த ‘வியர்வை’ குறைவாக வரும் பேஸ் என்று தனியாகவே விற்கிறார்கள். சாரல் காலத்துக்கு அது ஏற்றது.

கேள்வி: பத்துப் பேருக்கு விற்கலாமா?

பதில்: வீட்டில் தொடங்கிய சோப்பு ஊரெங்கும் போனதற்கு மெடிமிக்ஸ் சான்று, 1969-ல் சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் தொடங்கியது அது. ஆனால் சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டத்தில் சோப்புக்கு இருந்த விலக்கு 1982-ல் செய்த திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருட்கள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிம அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க இதெல்லாம் தேவையில்லை. விற்கும் சோப்பின் உறையில் தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், சேர்மானங்கள், கெடு தேதி இருக்க வேண்டும். ‘பரு போகும், படை குணமாகும்’ என்று அச்சிட்டால் அது மருந்தென்று உரிமை கொண்டாடுவதாகும். அதற்கு வேறு உரிமம்.