பழைய பூப்படம் கிடைத்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் அட்டை, பழைய பேப்பர் வாங்கி விற்கிறோம். மாதுங்காவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டையில் மூன்று படங்கள் இருந்தன. ஒன்றில் சீத்தாப்பழக் கிளை, ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் வெள்ளை ஊமத்தம்பூ. கையால் வரைந்த மாதிரி தெரிகிறது. ஊமத்தம்பூ மட்டும் அங்கங்கே கறுத்துவிட்டது. துடைத்து லேமினேஷன் போட்டு வீட்டில் மாட்டலாமா? சோர் பஜாரில் கொடுத்துவிடலாமா?

பதில்: துடைக்கவும் வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். விற்பதைப் பற்றிப் பிறகு பேசலாம். அதுவரை ஃபிரேம் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் பழகிய வழக்கம் ஒன்று உண்டு: இருக்கிற சட்டத்தின் அளவுக்குத் தாளை நறுக்கிவிடுவார்கள். பூ முழுசாக இருக்கும், ஓரம் போய்விடும். உங்கள் படங்களுக்கு மதிப்பு இருந்தால் அதில் பாதி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கு வந்த வெள்ளைக்கார டாக்டர்கள் பலர் செடி கொடி ஆராய்ச்சியிலும் இறங்கினார்கள். பூ வாடுமுன் படமாக்க வேண்டுமே, அதற்கு நம் ஊர் ஓவியர்களை வேலைக்கு வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் இருந்த ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ஒரு நூல்வரிசையில் மட்டும் 2,101 படத்தகடுகள். அவற்றில் வரைந்தவர் பெயரையும் வைட் அச்சிட்டார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் குறைவு. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று பெயர் வைத்தார். இன்று அந்தப் பெயர் வழக்கில் இல்லை.

இதே பம்பாய் மாகாணத்துக் கதை வேறு. புனேக்கு அருகே டாபுரியில் அரசுத் தாவரத் தோட்டம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட அலெக்சாண்டர் கிப்சனுக்காக 1847-க்கும் 1850-க்கும் இடையில் ஓர் ஓவியர் 173 நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். அவை இன்று எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. வரைந்தவர் போர்ச்சுகீசிய இந்தியர் என்பது மட்டும் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. ஓரத்தில் இருக்கும் ஒரு வரி எழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த இரண்டு கதைகளே சாட்சி.

கையால் வரைந்ததா, அச்சா?

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, படத்தைச் சுத்தமான மேசையில் வையுங்கள். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் வைத்துப் பார்க்கிறாரே, அந்த மாதிரி பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று போதும்.

லென்ஸில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால் அது இக்கால ஆஃப்செட் அச்சு. அழகுக்கு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோடுகள் மட்டும் அச்சாகவும், அதன்மேல் வண்ணம் தூரிகையால் தீட்டியதாகவும் இருந்தால் அது பழைய புத்தகத்திலிருந்து பிரித்த படத்தகடாக இருக்கலாம். அதற்கும் விலை உண்டு. அதில் வழக்கமாகக் கீழே இடது ஓரத்தில் வரைந்தவர் பெயரும் வலது ஓரத்தில் அச்சுக்கு ஏற்றியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும்.

அச்சுக்கோடே இல்லாமல் வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு மங்கலாகத் தெரிகிறதா? வண்ணம் காய்ந்த விளிம்பு சற்று அடர்ந்திருக்கிறதா? ஓர் இலையில் இரண்டு மூன்று பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறதா? அப்படியானால் கையால் வரைந்த அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். தாளின் அடியில் பூவைப் பிளந்து சூலகம், மகரந்தத்தாள், விதை என்று தனித்தனியே பெரிதாக்கி வரைந்திருந்தால் அது ஆராய்ச்சிக்காக வரைந்த படம். வீட்டு அலங்காரத்துக்கு வரைகிறவர் ஊமத்தங்காயை அறுத்துக் காட்ட மாட்டார்.

அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஜே. வாட்மன் என்ற பெயரும் கூடவே ஓர் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியலாம். அந்த இங்கிலாந்துத் தாளைக் கம்பெனி ஓவியர்கள் நிறையவே பயன்படுத்தினார்கள். 1821 என்று இருந்தால் படம் அதற்கு முன் வரைந்ததாக இருக்க முடியாது. எவ்வளவு பின்னால் என்பதை அது சொல்லாது. முதுகுப் பக்கத்தையும் விடாதீர்கள். எண், செடியின் பெயர், தேதி எதுவானாலும் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்று வேலையும் நடக்கிறது. டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கிய தாள் முழுவதும் ஒரே பழுப்பாக இருக்கும். உண்மையில் வயதான தாள் அப்படி இருக்காது. வெளிச்சம் பட்ட இடம் ஒரு நிறம், சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரம் வேறு நிறம், நடுவே துரு மாதிரிப் புள்ளிகள் என்று சீரில்லாமல் இருக்கும்.

ஊமத்தம்பூ ஏன் கறுத்தது?

அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். பழைய ஓவியர்கள் வெள்ளைக்கு ஈய வெள்ளை சேர்ப்பதுண்டு. காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டால் அது கறுத்துவிடும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வாயுவால்தான். மித்தி ஆறும் மாகிம் கழிமுகமும் பக்கத்தில் இருக்கிற உங்கள் இடத்தில் அந்த வாசனையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கறுத்ததைத் திரும்ப வெளுக்கவைக்கும் முறை இருக்கிறது, ஆனால் அது ஓவியப் பாதுகாப்பு நிபுணர் செய்ய வேண்டிய வேலை. நீர்வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது வேலம்பிசின் மாதிரியான கோந்து. ஈரத்துணி பட்டால் கரைந்து வண்ணமும் கூடவே வந்துவிடும். ரப்பர் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

இலைப் பச்சையையும் பாருங்கள். சில பச்சை வண்ணங்களில் செம்பு இருக்கும். அது காலப்போக்கில் தாளையே அரிக்கும். முதுகுப் பக்கம் இலையின் வடிவம் பழுப்பாகத் தெரிந்தால் அந்த இடம் முறியத் தயாராக இருக்கிறது, தாளை வளைக்காதீர்கள்.

மும்பை மழையில் எப்படி வைப்பது?

லேமினேஷன் செய்தால் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் ஃபெவிகாலும் அதே வகைதான். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அமிலம் இல்லாத தாள் வைத்து, அமிலம் இல்லாத அட்டைப் பெட்டியில் படுக்கை வசத்தில் வையுங்கள். சாதாரண பிரவுன் அட்டை வேண்டாம். அது எப்படிப் பழுத்துப் பொடிகிறது என்பது உங்கள் தொழிலிலேயே தெரியும்.

பெட்டியைத் தரையில் வைத்தால் ஜூலை மாதத் தண்ணீர், தகரக் கூரையை ஒட்டிய பரணில் வைத்தால் மே மாதச் சூடு. இரண்டும் ஆகாது. உள்பக்கச் சுவரை ஒட்டிய பீரோவின் நடுத்தட்டுதான் நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஆனால் ஈரம் குடித்து நிறைந்ததும் காயவைக்காவிட்டால் அது இருந்தும் பயனில்லை. அந்துருண்டை, வேப்பிலை, வசம்பு எதுவும் தாள்மேல் நேராகப் படக்கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் திறந்து வெள்ளிமீன் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் மாட்டும் ஆசைக்கு வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். நல்ல பிரதி ஒன்று அச்சடித்து அதைச் சட்டம் போடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் சமையல் புகையும் வெயிலும் பிரதியோடு போகட்டும்.

யாரிடம் காட்டுவது, எப்படி விற்பது?

செடியை அடையாளம் காண செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் இருக்கும் பிளாட்டர் ஹெர்பேரியத்தில் கேட்கலாம். பழுது பார்க்க, கோட்டைப் பகுதியில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தின் ஓவியப் பாதுகாப்பு மையத்தில் விசாரியுங்கள்.

தாளில் நூலகம் அல்லது கல்லூரி முத்திரை இருந்தால் விற்கும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது கழித்துக்கட்டியதாகவும் இருக்கலாம், களவுபோனதாகவும் இருக்கலாம். அந்த நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த ஓவியம் தொல்பொருள். வைத்திருப்பவர் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "துபாய் பார்ட்டி இருக்கிறார், நல்ல விலை" என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

விற்பதென்று முடிவு செய்தால் உரிமம் உள்ள இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். மூன்றையும் பிரித்து விற்காதீர்கள், ஒரே கையால் வரைந்த வரிசையாக இருந்தால் சேர்ந்திருக்கும்போதுதான் அது தெரியும். பில்லில் "பழைய பூப்படம் 3" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓரத்தில் உள்ள பெயர், எண், நீர்க்குறி, எந்தப் பகுதியில் எந்த ஆண்டு கிடைத்தது, எல்லாவற்றையும் எழுதச் சொல்லி ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் யார் என்று நாளைக்கு ஒருவர் தேடினால் அவருக்குப் பிடி கிடைப்பது அந்தக் காகிதத்தில்தான்.